பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சனிக்கிழமை மாலை என்றால் நம் மூத்தோர் சிலர்க்கு இன்றும் நினைவில் எழும் காட்சி ஒன்றுண்டு. கோவில் மணி ஒலித்ததும் தாய்மார் தலையில் முக்காடிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் வரிசையாக முழந்தாளிட்டிருப்பர். மறுநாள் பூசையில் நன்மை வாங்க வேண்டுமாயின் முதல்நாளே பாவத்தைச் சொல்லிப் பொறுத்தல் பெற்றாக வேண்டும். 1953-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விதியைத் தளர்த்தும்வரை, நள்ளிரவுக்குப் பின் ஒரு மிடறு தண்ணீரும் அருந்துதல் ஆகாது. வயலில் ஒரு பிடி கதிர் உருவியதையும், பண்ணையாரை மனத்துக்குள் வைததையும் நம் பாட்டிமார் பாவமென்று சொல்லி அழுதனர். அதே ஞாயிறன்று, அதே கோவிலில், கிராதியின் முன் நமக்கு முன்னதாகவே நன்மை வாங்கிச் சென்ற பண்ணையார், தாம் கொடாத கூலியைப் பற்றிச் சனிக்கிழமை என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. பாவசங்கீர்த்தன இரகசியம் குருவின் உயிரோடு கட்டப்பட்டது.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்கலாம். நற்கருணை வாங்குமுன் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் விதி எங்கே பிறந்தது? யாரைக் கண்டிக்கப் பிறந்தது? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை நம் இளைஞர்க்கு வியப்பளிக்கும் என்று நம்புகிறோம்.

நம் சங்க உறுப்பினர் அனைவரும் கத்தோலிக்கர் அல்லர். ஆகவே ஓரிரு சொற்களை முதலில் விளக்கிவிடுதல் நலம். பூசையில் குருவானவர் வசீகரம் செய்யும் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது கத்தோலிக்கரின் விசுவாசம், அதுவே நற்கருணை. அதை உட்கொள்வதை நன்மை வாங்குதல் என்பது நம் ஊர் வழக்கு; குழந்தைகள் முதன்முறை வாங்குவது புதுநன்மை. பாவங்களை இருவகையாகப் பிரிப்பர். அற்பப் பாவம் நற்கருணைக்குத் தடையன்று. சாவான பாவம், அதாவது கனமான காரியத்தில், முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்தது, தடை. அத்தகைய பாவம் தன்மேல் இருப்பதை அறிந்தவன், குருவிடம் அதைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நற்கருணை உட்கொள்ளலாகாது. இன்று இவ்வருட்சாதனத்தை ஒப்புரவு என்கின்றனர். நாம் பழைய பெயரையே இங்கு வழங்குகிறோம்.

இவ்விதிக்கு ஆதாரமாகத் திருச்சபை காட்டும் வேதவாக்கியம், சின்னப்பர் என நம் முன்னோர் அழைத்த பவுலடியார் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் மடலின் பதினொன்றாம் அதிகாரத்தில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 54-ஆம் ஆண்டளவில் எபேசு நகரிலிருந்து எழுதப்பட்ட மடல் அது. தகுதியின்றி அந்த அப்பத்தை உண்பவன் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றவாளி ஆகிறான், ஆகவே ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்துக்கொண்டு உண்க என்பது அதன் கருத்து. ஞானோபதேசம் கற்ற ஒவ்வொரு பிள்ளையும் இதனைக் கேட்டிருக்கும். ஆனால் அதற்குச் சில வரிகளுக்கு முன் அவர் எதைக் கண்டு சினந்தார் என்பதை நமக்குச் சொல்லித்தந்தவர் அரியர்.

கொரிந்து ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே கிறிஸ்தவர்கள் வசதியுள்ளவரின் வீட்டில் கூடுவர். ஆண்டவரின் இராவிருந்து அன்று முழு உணவோடு சேர்ந்தே நடந்தது. செல்வர் முன்னதாக வந்து, தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டு, குடித்து வெறித்திருப்பர். அடிமைகளும் கூலிகளும் வேலை முடிந்து வந்து சேரும்போது பாத்திரம் காலியாயிருக்கும். ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருக்கிறான் என்று அப்போஸ்தலர் கடிந்துகொள்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தே அன்று என்கிறார். இதைத் தொடர்ந்தே தகுதியின்மையைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதோடு அப்பகுதி முடிகிறது.

ஆகவே, அவ்வதிகாரத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட தகுதியின்மை ஒன்றே ஒன்று: ஒரே பந்தியில் மேலோர் கீழோர் எனப் பிரித்து, கீழோரை அவமதித்தல். கெட்ட நினைவும் பொய்யும் களவும் பாவங்களே, மறுப்பார் யார்? ஆயினும் நற்கருணைக்கு முன் ஆத்தும சோதனை என்னும் வழக்கம் பிறந்த வீட்டில், அதன் தாய் இதுவே. பந்தியில் பின்தள்ளப்படுதல் இன்னதென்று பிறர் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் நூற்றாண்டுகளில் இப்பொருள் மறக்கப்படவில்லை. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய திதாக்கே என்னும் மிகப் பழைய ஒழுக்க நூல், ஞாயிறு தோறும் அப்பம் பிட்குமுன் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. உடனே, அயலானோடு பகையுள்ளவன் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேரலாகாது என்றும் விதிக்கிறது. பின்னர்க் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும் பாவங்கட்குப் பகிரங்கத் தவம் ஏற்பட்டது. பாவி சபையறியக் கோவிலில் தனியிடத்தில் நின்று, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நற்கருணையின்றிக் கழித்து, ஆயரால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவான். வாழ்வில் ஒருமுறைதான் அவ்வாய்ப்பு. 390-ஆம் ஆண்டில் தெசலோனிக்கா நகரில் ஆயிரக்கணக்கானோரை வெட்டிக் கொல்லச் செய்த உரோமைப் பேரரசன் தெயோதோசியுசை, மிலான் நகர் ஆயர் அம்புரோசியார் நற்கருணைக்கு வரவிடவில்லை. பேரரசன் அரச உடையைக் களைந்து, மக்கள் முன்னிலையில் அழுது தவஞ்செய்த பின்னரே சேர்க்கப்பட்டான். பகிரங்கமாகச் செய்த பாவத்துக்குப் பகிரங்கமான தவம். பாவியின் பதவி அங்கே செல்லவில்லை.

இம்முறை நிலைக்கவில்லை. அதன் கடுமைக்கு அஞ்சி மக்கள் தவத்தைச் சாவுப் படுக்கைவரை ஒத்திப்போட்டனர். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்து நாட்டுத் துறவிகள் வேறொரு வழக்கத்தைப் பரப்பினர்: குருவிடம் தனியே, இரகசியமாக, எத்தனை முறையேனும் பாவத்தைச் சொல்லலாம், பாவத்துக்கு ஏற்ற தவத்தைப் பட்டியல் பார்த்து அவர் விதிப்பார். 589-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கம் இப்புதுமையைக் கண்டித்தது. கண்டித்தும் பயனில்லை, அதுவே நாளடைவில் எங்கும் வழக்காயிற்று. எளிய மக்களுக்கு இதில் இரக்கமும் ஆறுதலும் கிடைத்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று கைநழுவிற்று. சபையின் நடுவே நின்ற பாவம் இருவர் காதுகளுக்குள் அடங்கிற்று. யாருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவன் அந்த அறைக்கு வெளியே நின்றான்.

1215-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், புத்தி விவரம் அறிந்த ஆண் பெண் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டுமென்று இருபத்தொன்றாம் சட்டத்தில் கட்டளையிட்டது. மீறினோர்க்கு வாழ்நாளில் கோவில் வாசல் இல்லை. இறந்தபின் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை. இரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, கடுமையான மடத்தில் அடைக்கவும் அச்சட்டமே விதித்தது. பின்னர் திரிதெந்து பொதுச்சங்கம் 1551 அக்டோபர் 11-ஆம் நாள், மனஸ்தாபம் எத்துணை பெரிதாயிருப்பினும், சாவான பாவமுள்ளவன் குரு கிடைக்கும் நிலையில் முன்னதாகப் பாவசங்கீர்த்தனம் செய்தே தீரவேண்டும் என்று தீர்த்துரைத்தது. அதற்கு அது ஆதாரம் காட்டியது கொரிந்தியர் மடலின் அதே வாக்கியத்தையே. பசித்திருந்த அடிமைகளைப் பற்றிய பகுதி அங்கே எடுத்தாளப்படவில்லை. அடுத்த மாதம் 25-ஆம் நாள், பாவங்களை ஒவ்வொன்றாக, அவற்றின் தன்மையை மாற்றும் சூழ்நிலைகளோடும் சொல்ல வேண்டுமென விதிக்கப்பட்டது. தொட்டியும் அக்காலத்து வரவே. மிலான் பேராயர் கார்லோ பொரோமெயோ 1577-இல் வெளியிட்ட கோவில் கட்டட நூலில் அதன் அளவும் அமைப்பும் விளக்கப்பட்டுள்ளன.

எனினும் இந்த இரகசிய முறைக்குள்ளும் ஒடுக்குவோனை மடக்கும் ஆயுதம் ஒன்று இருந்தது. அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடாதவனுக்கு மன்னிப்பில்லை என்பதே அது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீனார் முதல் அனைவரும் போதித்த பொதுப் படிப்பினை இது. வேலைக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பதை, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாக ஞானோபதேசமே எண்ணுகிறது. இந்த ஆயுதத்தை உறையிலிருந்து உருவிக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் வரலாற்றை நம் இளைஞர் அவசியம் அறிய வேண்டும்.

கொலம்பஸ் கண்டறிந்த நாடுகளில் ஸ்பானியர் குடியேறி, அம்மண்ணின் மக்களை எங்கொமியெந்தா என்னும் முறைப்படி தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, சுரங்கத்திலும் வயலிலும் வதைத்து வந்தனர். ஆண்டைக்கு ஆட்களே ஒப்படைக்கப்பட்டனர் என்றால் நமக்குப் புரியும். 1511 டிசம்பர் 21-ஆம் நாள், சாந்தோ தொமிங்கோ நகரில் அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்னும் சாமிநாதர் சபைத் துறவி, ஆளுநரும் பெருங்குடியினரும் அமர்ந்திருக்க, நீங்கள் அனைவரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்று பிரசங்கித்தார். இம்மக்களும் மனிதர் அல்லரோ என்று கேட்டார். அச்சபையார் இந்தியரை வைத்திருப்போர்க்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுக்கத் தொடங்கினர்.

அவ்வாறு மறுக்கப்பட்டோருள் ஒருவர் தாமே குருவாகவும், இந்தியரைப் பங்கு பெற்ற எசமானராகவும் இருந்த பார்த்தலோமே தே லாஸ் காசாஸ். அன்று அவர் வாதாடிவிட்டுத் திரும்பினார். ஆனால் அந்த மறுப்பு நெஞ்சில் தைத்திருந்தது. 1514-இல் கியூபாத் தீவில் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்கையில், சீராக் ஆகமத்தின் முப்பத்துநான்காம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. ஏழையின் பொருளைப் பறித்துப் பலியிடுதலையும், கூலிக்காரனின் கூலியை மறுத்தலையும் கொலைக்கு ஒப்பிடும் பகுதி அது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், தம் பங்கு இந்தியரை விடுவிப்பதாகப் பிரசங்க பீடத்திலேயே அறிவித்தார். அவர் மாசற்றவர் அல்லர். இந்தியரின் பாரத்தைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று தொடக்கத்தில் யோசனை சொன்னவரும் அவரே. பிற்காலத்தில் அதற்காக வருந்தித் தம்மையே குற்றஞ்சாட்டி எழுதினார்.

1545-இல் அவர் மெக்சிக்கோவின் தெற்கேயுள்ள சியாப்பாஸ் மறைமாவட்ட ஆயராக வந்து சேர்ந்தார். அது தபசுகாலம். பாஸ்குக் கடமைக்காக எசமானர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் சமயம். அடிமைகளை விடுவிக்காதோர்க்கு மன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை ஆயர் தமக்கே ஒதுக்கி வைத்துக்கொண்டார். தலைமைக் குரு ஒருவர் கட்டளையை மீறி, அடிமை வைத்திருந்த சிலர்க்கு நற்கருணை கொடுத்துவிட்டார். அவரைப் பிடித்துவர ஆயர் ஆள் அனுப்பியபோது, ஊரார் ஆயுதங்களுடன் ஆயரின் இல்லத்துள்ளேயே புகுந்தனர். கோவில் வாசல் மூடப்பட்டதற்கு ஏழைகள் கலகம் செய்ததாக நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மன்னிப்பு மறுக்கப்பட்டதற்குச் செல்வர் செய்த கலகம் இது!

அவர் குருக்கள்மார்க்கென எழுதிய பன்னிரண்டு விதிகள் 1552-இல் செவில்லா நகரில் அச்சாயின. கைப்பற்றும் போரில் கலந்துகொண்டவன் தொட்டிக்கு வருமுன்பே, நோட்டரி முன்னிலையில், தன் சொத்து முழுவதையும் இழந்தோர்க்குத் திருப்பித் தரும் அதிகாரத்தைக் குருவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும். இந்தியரிடம் வரியும் ஊழியமும் பெற்றவன் அவற்றின் மதிப்பைத் திரும்பத் தரவேண்டும். போருக்கு ஆயுதம் விற்ற வணிகனுக்கும் பொறுப்புண்டு. விதிகள் கையெழுத்துப் படியாக உலவிய காலத்திலேயே, இவை அரசரின் உரிமையையே மறுக்கின்றன என்று புகார் எழுந்தது. படிகளைத் திரட்டிக் கைப்பற்ற 1548-இல் அரசாணை பிறந்தது. ஆயரும் அந்நாட்டை விட்டுச் சென்று, 1550-இல் பதவியைத் துறந்தார். தோல்விதானே என்று கேட்கலாம். ஆயினும் பெரு நாட்டில் முதுமையெய்திய கைப்பற்றாளர் சிலர், இந்தியர்க்குத் திருப்பித் தருமாறு தம் உயிலில் எழுதி வைத்துச் செத்தனர். நரகத்தின் அச்சம் அந்த அளவுக்கேனும் வேலை செய்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் அச்சு வரலாற்றில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சிறப்பிடம் உண்டு என்பது பலர்க்குப் புதுமையாயிருக்கும். முத்துக்குளித்துறையில் உழைத்த ஹென்றீக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 1580-இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனம் செய்யும் முறைக்கெனவே ஒரு தமிழ்க் கையேடு வெளிவந்தது. சியாப்பாஸ் விதிகள் அச்சாகி இருபத்தெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் நொபிலி அடிகளார் உயர்சாதியாரை ஈர்க்கச் சந்நியாசி கோலம் பூண்டார். 1623 ஜனவரி 31-ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரியார் பூணூலும் குடுமியும் தொடரலாம் என்று இசைவளித்தார். அதே ஏட்டின் இறுதியில், குலப்பெருமை கொண்டோர் எளிய குலத்தாரை இகழலாகாது, சிறப்பாகக் கோவிலில் தேவவார்த்தை கேட்கும்போதும் தேவத்திரவிய அனுமானங்களைப் பெறும்போதும் இகழலாகாது என்று மன்றாடியும் இருந்தார். இசைவு பற்றிக்கொள்ளப்பட்டது. மன்றாட்டு ஏட்டிலேயே நின்றது. 1640 முதல் எளிய சாதியார்க்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனிக் குருக்கள் வகுப்பும் உருவாயிற்று.

அடுத்து வந்த வழக்கு, நம் பொருளின் நெஞ்சைத் தொடுவது. ஆவணங்கள் பறையர் எனக் குறிக்கும் நம் முன்னோருள் ஒருவர் சாகும் தறுவாயில் கிடந்தால், குருவானவர் அவர் குடிசைக்குள் நுழையமாட்டார். நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்து, வேறோர் இடத்தில் வைத்தே பாவசங்கீர்த்தனம் கேட்டு அவஸ்தை பூசுவார். புதுச்சேரி வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704 ஜூன் 23-ஆம் நாளிட்ட ஆணையில் இதனைத் தடை செய்து, குடிசைக்கே சென்று அனுமானங்களை அளிக்கக் கட்டளையிட்டார். சேசு சபையார் எதிர்த்தனர். அவர்கள் தீயவர் அல்லர். பலர் இம்மண்ணில் உயிர் கொடுத்தவர். பறையர் வீட்டில் நுழைந்தால் மற்றச் சாதியார் எம்மை அண்டார், வேதமே அழியும் என்பது அவர்கள் வாதம். நாற்பதாண்டு வழக்காடிய பின், 1744 செப்டம்பர் 12-ஆம் நாள் பதினான்காம் பெனடிக்ட், பறையர்க்கென்றே தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்பினார். குரு கிடைக்கும் நிலையில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கலாகாது என்று விதித்த அதே திருச்சபையில், குரு பத்தடி தொலைவில் நின்றும் கிடைக்காதவராய் இருந்தார். வாசற்படி தாண்டாத பாவத்தை யார் யாரிடம் சொல்லியிருப்பர்?

ஆனால் நம்மவர் வாளா இருந்தனர் என்று எண்ண வேண்டா. துய்ப்ளேக்சின் காலத்துப் புதுச்சேரி நிகழ்ச்சிகளை நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1745 அக்டோபர் மாதக் குறிப்பில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். சம்பா கோவிலினுள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர் திரண்டு சென்று குருவிடம் நியாயம் கேட்டனர். நாங்களும் உம் சீடரெனில் எங்களையும் அவர்களையும் ஒன்றாக நடத்த வேண்டாவோ, ஆண்டவர் அப்படிப் பிரித்தாரோ என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குருவானவர் அதில் நியாயம் கண்டு சுவரை இடிப்பித்தார். அன்று மாலைப் பூசனையில் எல்லோரும் கலந்து நின்றனர். சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்து குருவோடு மோத, விவகாரம் ஆளுநர்வரை சென்றது. பிள்ளையவர்கள் நம்மவர்க்குப் பரிந்தெழுதியவர் அல்லர். ஆதலின் அவர் சாட்சியத்துக்கு மதிப்பு மிகுதி. எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று கருதப்பட்ட நம் முன்னோர், கொரிந்தியர் மடலின் பொருளைத் தம் பங்குக் குருவுக்கு எடுத்துக்காட்டிய நாள் அது.

பிற்காலத்துச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லி அமைவோம். ஆண்டுக்குச் சில முறையே நன்மை வாங்கும் வழக்கத்தை மாற்றி, 1905 டிசம்பர் 20-ஆம் நாள் பத்தாம் பத்திநாதர் அடிக்கடி, நாள்தோறுங்கூட, வாங்கத் தூண்டினார்; 1910 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஏறத்தாழ ஏழு வயதுக் குழந்தைகட்கும் புதுநன்மையை அனுமதித்தார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 916-ஆம் எண், கனமான பாவமுள்ளவன் பாவசங்கீர்த்தனமின்றி நற்கருணை வாங்கலாகாது என்கிறது. தக்க காரணமும் இருந்து, குருவை அணுக வாய்ப்பும் இல்லையெனில், விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் தீர்மானத்தோடு உத்தம மனஸ்தாபப்பட்டு வாங்கலாம். இது அவனவன் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. அதற்கு முந்திய 915-ஆம் எண்ணோ, வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைப்போரை நற்கருணைக்கு அனுமதிக்கலாகாது என்று வழங்குவோர்க்கே கட்டளையிடுகிறது. கோவிலில் தனி இடம், கல்லறையில் தனிச் சுவர் என்று ஊரறிய நின்றோர்மேல் இந்த எண்ணை ஏவிய செய்தி எதையும் நாம் கேட்டதில்லை. சட்ட வல்லுநர் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லக்கூடும், சொல்லட்டும், கேட்போம்.

1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிக்கை விட்டது. 1984 டிசம்பரில் வெளியிட்ட ஏட்டில் இரண்டாம் அருள் சின்னப்பர், சமூகப் பாவம் என்பது தனியாட்கள் செய்த பல பாவங்களின் திரட்சியே, ஆதலின் எவரும் சமூகத்தின்மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது என்று விளக்கினார். அவரே 2003 நவம்பர் 17-ஆம் நாள் தம்மைக் காணவந்த தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் நிழலும் ஆகாது என்று கூறினார்.

வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் ஊர்க் கோவிலின் கிராதியைப் பெயர்த்தெடுத்தனர். மக்கள் வரிசையாக நின்று நன்மை வாங்கும் முறை வந்தது. அதன்பின் நெடுங்காலம், நம் தெருப் பெண்கள் முன்வரிசைப் பெஞ்சுகள் எல்லாம் காலியாகும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். போகச் சொல்லி யாரும் தடுக்கவில்லையே, ஏன் பாட்டி காத்திருக்கிறாய் என்று நம்முள் ஒருவன் சிறுவயதில் கேட்டான். அவங்க வாங்கி முடிக்கட்டும் என்றாள் பாட்டி.